சத்தி இருக்கோ?

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எனக்கு ஒரு பெயர் இருந்தது: மாமியார் வயிற்றை எரித்தவள். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பீலிக்கரையில் தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் நிற்கும்போது பேச்சு மழையைப் பற்றித்தான் இருக்கும். நான் போய் நின்றதும் அது கொச்சிக்காய்க் காரத்தின் பக்கம் திரும்பிவிடும். "இப்பல்லாம் சில வீட்டுல கொழம்பு கொதிச்சா அடுத்த லயத்துல தும்முறாங்கப்பா" என்பாள் ஒருத்தி. "தும்முறவங்களுக்கு என்னா, திங்கிறவங்க வயித்த நெனச்சிப் பாரு" என்பாள் இன்னொருத்தி. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவேன். வந்து அடுப்படியில் பாத்திரங்களை டங்கு டங்கென்று வைப்பேன். அந்தக் காலத்தில் என் கோபமெல்லாம் சட்டிபானையோடுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். என் மாமியார் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லுணுகலைக்காரி, அவ்வளவுதான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகன்தான் என் வீட்டுக்காரர், கொழுந்து ஏற்றும் லொறியில் அவருக்கு வேலை. மாமி கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை அதட்டுவார்.

அந்தக் குழம்புக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் கொச்சிக்காயை வெறும் சட்டியில் கருகும் வரை வறுத்து, அம்மியில் வைத்து அரைத்து, புளியோடு கொதிக்க விடுவோம். கல்யாணம் முடிந்து வந்த முதல் வாரத்தில் அதை வைத்தேன். மாமி ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அடிப் பாவி, என்னையக் கொல்லத்தான் ஒன்ன லுணுகலையிலருந்து அனுப்புனாங்களா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே ரொட்டியைக் கிழித்துச் சட்டியின் அடிவரைக்கும் துடைத்துத் தின்றார். மறுநாள் வேலை விட்டு வந்ததும் கூடையைக்கூட இறக்கவில்லை. "நேத்து வச்சியே, அதுல மிச்சம் கிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மலை முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். "எம் மருமக கொழம்பு வச்சான்னா வயிறு எரியும் தாயி, வயிறு எரியும்!" அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். கேட்ட பொம்பளைகள் பெருமையை மலையிலேயே விட்டுவிட்டார்கள், எரிச்சலை மட்டும் லயத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் அவருக்கு உண்மையாகவே வயிறு எரியத் தொடங்கியபோது, காரணம் தயாராக இருந்தது. நான்தான்.

வயிற்று நோவு எங்கள் தோட்டங்களில் புதிதில்லை. சின்ன வயதில் லுணுகலையிலும் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே பாதையில்தான் போனார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. முதலில் 'கேஸ்' என்பார்கள். தோட்டத்து மருந்துக் காம்பராவில் வெள்ளையாக ஒரு தண்ணி மருந்து கொடுப்பார்கள், அதைப் போத்தலில் வாங்கி வைத்து மாதக் கணக்கில் குடிப்பார்கள். பிறகு இஞ்சிச் சாறு. பிறகு மாரியம்மன் கோயில் திருநீறு. பிறகு யாரோ செய்வினை என்பார்கள், அதற்கு ஒரு ஆள் வந்து எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டுப் போவான். சட்டை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பிக்கும்போது, சோறு தொண்டையோடு திரும்பும்போது, அப்போதுதான் பதுளை ஆஸ்பத்திரி. பதுளைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். வந்து கொஞ்ச நாளில் சாவுக்குத் தப்படிக்கும் சத்தம் கேட்கும்.

மாமியும் அந்தப் பாதையில்தான் போனார். இந்தக் கையால்தான் நான் இஞ்சி இடித்துக் கொடுத்தேன். கொச்சிக்காயை விட்டு, புளியை விட்டு, கடைசியில் உப்பையும் பாதி விட்டுச் சமைத்தேன். அவர் தட்டைத் தள்ளிவிடுவார். "இது என்னாடி, சீக்குக் கோழிக்கு வைக்கிற மாதிரி" என்பார். எதைத் தின்றாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்பக்கம் போவார். ஒரு நாள் கொழுந்து மடுவத்தில் நிறுக்க நின்ற வரிசையிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரருக்குப் பயம் பிடித்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர். சின்ன வயது, கண்ணாடி போட்டிருப்பார். தமிழ் பேசும் டாக்டர் என்றதுமே மாமிக்கு வாயெல்லாம் பல். அவர் மாமியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, சத்தி இருக்கோ?"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தியா? அதுக்கு என்னா தாயி கொறச்சலு? நெறைய இருக்கு."

"கனக்கவோ? எவ்வளவு காலமா?"

"பொறந்ததுலருந்தே இருக்கு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "பிறந்ததில இருந்தோ? சரி, எப்ப கூட வாறது? சாப்பிட்ட உடனயோ?"

"ஆமாங்க, சாப்பிட்ட ஒடனே கூடத்தான் செய்யும். வெறும் வயித்துல யாருக்குத்தான் சத்தி வரும்?"

நான் முழித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று லுணுகலைப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், "ஐயோ, பிள்ளை சத்தி எடுத்துப்போட்டுது" என்று ஓடி வருவார். நமக்குச் சத்தி என்றால் உடம்பு பலம். அவர்களுக்குச் சத்தி என்றால் வாந்தி. "மாமி, டாக்டரம்மா வாந்தியக் கேக்குறாங்க!" என்றேன்.

மாமிக்கு ஒரு நிமிஷம் முகம் சுருங்கியது. பிறகு விட்டுக் கொடுக்கவில்லை. "வாந்தின்னா வாந்தின்னு கேக்க வேண்டியதுதானே! அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு. ரெண்டையும் எழுதிக்கங்க தாயி" என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கட்டடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து அது எங்கள் வணக்கம் ஆகிவிட்டது. டாக்டரம்மா காலையில் வார்டைச் சுற்றி வரும்போது எங்கள் கட்டிலுக்கு வந்தால், "எப்பிடி அம்மா, சத்தி இருக்கோ?" என்பார். "எந்தச் சத்தியக் கேக்குறீங்க, ஒங்களுதா எங்களுதா?" என்பார் மாமி. ஒருபக்கச் சத்தி கூடக் கூட மறுபக்கச் சத்தி குறைந்துகொண்டே வந்தது. அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

அந்த வார்டு எனக்கு இன்னும் கனவில் வருகிறது. கனவில் கட்டில்கள் கூரைக்குக் கீழே இல்லை, மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிரை நிரையாகக் கிடக்கின்றன. வெள்ளை உடுப்போடு நர்ஸ் மிஸ்ஸி நிரைத் தலைப்பில் நிற்கிறார். பனி வந்து ஒவ்வொரு கட்டிலாக மூடிக்கொண்டு போகிறது. மாமி ஒரு கட்டிலில் படுத்தபடியே பக்கத்துச் செடியில் கையை நீட்டிக் கொழுந்து கிள்ளுகிறார், கிள்ளியதைத் தலையணைக்குப் பின்னால் போடுகிறார். கனவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலும் அவர் அப்படிச் செய்வார். தூக்கத்தில் இரண்டு கையும் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருக்கும்.

ஜன்னலில் நமுனுகுலை மலை தெரியும். காலையில் இருக்கும், மத்தியானத்துக்குள் மேகம் அதைத் தின்றுவிடும், சாயங்காலம் யாரோ திருப்பிக் கொண்டுவந்து வைத்தது போல மறுபடியும் இருக்கும். சேலைன் போத்தலில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கிழமை என்பதே மறந்துவிடும். எத்தனை தடவை போனோம், எத்தனை தடவை வந்தோம் என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. படுக்க வைப்பார்கள், தண்ணீர் ஏற்றுவார்கள், முகம் கொஞ்சம் தெளியும், டிக்கட் வெட்டுவார்கள். வீட்டுக்கு வருவோம். இரண்டு வாரம் போகாது, மறுபடியும் அதே வார்டு, அதே மணம், வேறு கட்டில்.

டிக்கட் வெட்டுவது என்றால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவது. சிங்கள ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் வார்டே சந்தோஷப்படும். அடுத்த கட்டில்காரிகள் சீப்பை எடுத்துத் தலை சீவி விடுவார்கள்.

ஒரு குழாயை வாய்க்குள் விட்டு, அதன் முனையில் இருந்த கேமராவில் வயிற்றைப் பார்த்தார்கள். மாமிக்கு அது பெரிய ஆச்சரியம். "என் கல்யாணத்துக்கே எவனும் ஒரு போட்டோ புடிக்கல. வயித்துக்குப் போட்டோவாம்" என்று ஹல்துமுல்லைக்காரியிடம் சொல்லிச் சிரித்தார். ஹல்துமுல்லைக்காரி என்றால் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண். அவளும் தோட்டத்து ஆள்தான், அவளுக்கும் அதே வயிற்று நோவு.

புற்று என்று எங்களிடம் சொன்னார்கள். மாமியிடம் சொல்ல வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஆனால் யாரோ அட்டெண்டன் பேசியது மாமி காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு நாள் நமுனுகுலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆடி மாசம் ஆடி மாசம் புத்துக்குப் பால் ஊத்திக் கும்புட்டவ நானு. எனக்கேவா?" அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் போத்தலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

என் பயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமி போய்விடுவாரே என்று அழுதேன், உண்மைதான். அதோடு இன்னொன்றும் இருந்தது. அவர் இருக்கும் வரைக்கும் என் பெயர் ஒரு கேலி. அவர் செத்துவிட்டால் அது பழி. நான் கிழவியாகி, எனக்கு மருமகள் வந்த பிறகும், 'இவ கொழம்புதான் அந்த மனுஷியக் கொண்டு போச்சு' என்று பீலிக்கரையில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் லயத்தில் செத்தவர்களை மறந்தாலும் எதனால் செத்தார்கள் என்பதை மறக்க மாட்டார்கள்.

லயத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் காம்பரா அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் பார்க்க வந்தாள். தோடம்பழம் வாங்கி வந்திருந்தாள், குறை சொல்லக் கூடாது. மாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்கா அவர் காலைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "என்னா செய்யிறது புள்ள, ஆரம்பத்துலயே காரத்தக் கொறச்சிருந்தீன்னா இந்த எடத்துக்கு வந்திருக்குமா? இனிச் சொல்லி என்னா." நாசமாய்ப் போக. அந்தப் பழத்தை எடுத்து அவள் மண்டையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. வார்டு ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போர்வைக்கு மேல் மாமியின் விரல்கள் கிள்ளுவதை நிறுத்தியிருந்தன. தூங்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவை வராந்தாவில் மறித்தேன். "டாக்டரம்மா, நான் ரொம்பக் காரமா சமைப்பேங்க. அதனாலதான் வந்துச்சா?"

"ஆர் சொன்னது?"

"எல்லாருந்தாங்க."

"இஞ்ச பாருங்கோ. இது ஒரு குழம்பில வாறது இல்லை. கன காலமா உள்ளுக்குள்ள வளர்ந்திருக்கும். நீங்கள் கலியாணம் கட்டி வர முன்னமே துவங்கியிருக்கவும் கூடும். ஏன் வந்தது எண்டு என்னாலயே சொல்லேலாது. உங்களாலதான் வந்தது எண்டு ஒருதராலயும் சொல்லேலாது."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அதே நேரம், 'இதை எங்க பீலிக்கரைக்கு வந்து ஒரு தரம் சொல்லிட்டுப் போறீங்களா?' என்று கேட்கவும் வாய் வந்தது. கேட்டு என்ன. அவர் தமிழ் அங்கே யாருக்கு விளங்கப் போகிறது, சத்தி என்றாலே சண்டை வரும்.

ஹல்துமுல்லைக்காரிக்கு எங்களுக்கு முன்பே ஒப்பரேஷன் நடந்தது. ஒரு நாள் காலை பெரிய டாக்டர் அவள் புருஷனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். அவன் திரும்பி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு துணிகளை மடித்தான். அவளுக்கு டிக்கட் வெட்டிவிட்டார்கள். அவள் சந்தோஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டு, மாமிக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். மாமி அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். கொஞ்ச நாளில் அவளுடைய ஊர்க்காரி ஒருத்தி வார்டுக்கு வந்தபோது விஷயம் தெரிந்தது, ஹல்துமுல்லைக்காரி இல்லை.

மாமியையும் அறுத்தார்கள். அறுத்துத் திறந்து பார்த்துவிட்டு, தொட முடியாது என்று அப்படியே தைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். டாக்டரம்மாவும் கூட நின்றார். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஆகாரமாகக் கேட்டதைக் கொடுங்கள் என்று சொன்னார்கள். பிறகு டாக்டரம்மா கட்டிலுக்கு வந்து மாமியின் கையைப் பிடித்தார். அன்றைக்கு மட்டும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாமிதான் கேட்டார். "என்னா தாயி, இன்னைக்குச் சத்தி இருக்கான்னு கேக்கல?" டாக்டரம்மாவின் கண்ணாடி பனி பிடித்தது போல ஆகிவிட்டது. "இருக்கும் அம்மா. உங்களுக்கு எப்பவும் இருக்கும்" என்றார்.

வேன் பிடிக்கலாம் என்று மகன் சொன்னதற்கு மாமி சம்மதிக்கவில்லை. ரயிலில்தான் போக வேண்டும் என்றார். அந்த ரயில் பயணம் நடந்ததா, நான் பிறகு கனவில் கண்டு சேர்த்துக்கொண்டதா என்று சில நேரம் எனக்கே சந்தேகம் வரும். பெட்டியில் ஆட்களே இல்லை. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தது. மாமி என் தோளில் தலையைச் சாய்த்திருந்தார், ஒரு துணி மூட்டையின் கனம்தான். அவர் மகன் கதவருகே நின்றுகொண்டு திரும்பியே பார்க்காமல் வந்தார்.

தெமோதரைக்குப் பதுளையிலிருந்து போனால், ரயில் முதலில் ஒரு குகைக்குள் நுழையும். அந்தக் குகைக்கு நேர் மேலேதான் தெமோதரை ஸ்டேஷன். கீழே நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறித்தான் மேலே வந்து நிற்கும். குகை இருட்டில் மாமி பேசினார். "இப்ப நம்ம ஊரு நம்ம தலைக்கு மேல இருக்கு."

"ஆமா மாமி."

"ஹல்துமுல்லக்காரிக்கும் இப்பிடித்தான் டிக்கட் வெட்டுனாங்க."

வெளிச்சம் வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுத்தீங்களே, எடுத்ததக் காட்டுங்கன்னு மிஸ்ஸிக்கிட்டக் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிருச்சி. எடுத்திருந்தா காட்டியிருக்கும்ல?" என்றார். பிறகு கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினார். "எனக்குத் தெரியும்னு அவன்கிட்டச் சொல்லிப்புடாத. தாங்க மாட்டான்." அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று மகன், மகனுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா. நடுவில் நான் ஒருத்தி, எல்லாரும் கொண்டுவந்து கொட்டுவதற்கு. அழுகை அழுகையாக வந்தது, கோபமும் வந்தது. ரயில் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

ஸ்டேஷனுக்குக் கொழுந்து லொறி வந்திருந்தது. மாமியை முன் சீட்டில் ஏற்றினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் லொறியின் முன் சீட்டில் உட்கார்ந்தார். "பின்னால கொழுந்து மாதிரிப் போவேன், இன்னைக்குத் தொர மாதிரிப் போறேன்" என்று டிரைவரிடம் சொன்னார்.

டிக்கட் வெட்டிட்டாங்க என்ற சேதி எங்களுக்கு முன்பே லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒப்பரேஷனும் செய்து, டிக்கட்டும் வெட்டியாயிற்று. அப்படியென்றால் சுகம், வேறென்ன? வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். சனம் வந்து மாமியின் தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அவர் எல்லாருக்கும் சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஆள் சுகமாகிவிட்டதற்கும் அவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். "பாத்தியா, கொஞ்ச நாளு மருமக சமையல விட்டு இருந்துச்சி, ஆஸ்பத்திரிக் கஞ்சி குடிச்சிச்சி, தேறிருச்சி!" எதிர்க் காம்பரா அக்கா என் காது கேட்கவே சொன்னாள். "இனியாவது கொச்சிக்காயப் பூட்டி வையி புள்ள." அப்படியென்றால் இனி அவர் செத்தால்? வீட்டுக்கு வந்த பிறகு செத்தால், என் கைச் சோற்றைத் தின்றபிறகு செத்தால்? நான் ஒரு அகப்பைக் கஞ்சியை ஊட்டவே பயந்தேன். இரவும் பகலும் அதே நினைப்பு. மாமிக்குத் தண்ணீர்ப் பால் ஊற்றினேன், அதுவும் பாதி திரும்பி வந்தது. துணியை வீட்டுக்குப் பின்னால் மறைத்து அலசினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பெண்கள் எல்லாரும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டும் அரிசி புடைத்துக்கொண்டும் இருந்தார்கள். மாமி தன்னையும் வெளியே கொண்டுவந்து உட்கார வைக்கச் சொன்னார். சேலையைச் சரி செய்துகொண்டு, லயத்துக்கே கேட்கக் கூப்பிட்டார்.

"ஏய் லுணுகலக்காரி! கருவாட்டுக் கொழம்பு வையி. மொத மொத வச்சியே, அது மாதிரி. கொச்சிக்கா கொறஞ்சிச்சி, நான் திரும்பப் பதுளைக்கே போயிருவேன்."

பேன் பார்த்த கைகள் நின்றன. நான் நகரவில்லை. "வேணாம் மாமி" என்றேன். "என்னாடி வேணாம், வச்சிட்டு வாடி!" என்று பெரட்டுக்களத்துக் குரலில் அதட்டினார். நான் உள்ளே போய்க் கொச்சிக்காயை வறுத்தேன். நெடி ஏறிப் பக்கத்து மூன்று காம்பராவுக்கும் தும்மல். கண்ணீர் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

தட்டில் ஒரு ரொட்டியும் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். மாமி ரொட்டியைக் கிழித்து, சிவப்பாகத் தோய்த்து வாயில் வைத்தார். மெல்ல மென்றார். முழுங்கினார். நெற்றியில் வேர்த்தது. அடுத்த துண்டு. அடுத்த துண்டு. எல்லாருடைய கண்ணும் அவர் தொண்டையிலேயே இருந்தது. தட்டை விரலால் வழித்து, அந்த விரலையும் சப்பினார்.

"ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிச்சிக் குடிச்சி நாக்கே செத்துப் போச்சி. இதத் திங்கத்தான்டி நான் டிக்கட் வெட்டிட்டு வந்தேன். இம்புட்டு நாளு இந்தப் புள்ள கையாலதான் உசுரோட இருந்தேன்" என்றார். பிறகு எதிர்க் காம்பரா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கும் ஒரு கரண்டி ஊத்தச் சொல்லவா? சும்மா பாத்துப் பாத்து வயித்தெரிச்சப் படாத."

அக்கா முகம் போன போக்கைப் பார்த்து இஸ்தோப்பே சிரித்தது. அக்காவும் வேறு வழியில்லாமல் சிரித்தாள்.

தைப்பொங்கலுக்கு முன்பே மாமி போய்விட்டார். ஒருத்தி, ஒரே ஒருத்திகூட, என் குழம்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கருமாதிக்குப் படையல் போடும்போது, அந்தக் கருவாட்டுக் குழம்பை வைக்காமல் எப்படி என்று எதிர்க் காம்பரா அக்காதான் கேட்டாள். அவளே கொச்சிக்காயை வறுக்க உட்கார்ந்தாள். "எம்புட்டு ஆசையாத் தின்னுச்சி அன்னைக்கி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இன்றைக்கும் அந்த லயத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கதையாகச் சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அவர்கள் பார்க்காதது இது. சிரிப்பு அடங்குவதற்குள் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் தாண்டும் வரைக்கும் முதுகு வளையாமல் நடந்தார். கதவைச் சாத்தியதும் முழங்கால் மடிந்து கீழே விழுந்தார். நான் பேசினை இழுத்து வைப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது. சிவப்பாக வந்தது, இரத்தம் என்று என் உயிரே போய்விட்டது. பிறகு மணத்தில் தெரிந்தது, என் குழம்பு. ஒரு துண்டு மிச்சமில்லாமல் அப்படியே வந்திருந்தது. அவருடைய வயிறு ஒட்டி ஒட்டி இழுத்தது, தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். ஒரு சின்னச் சத்தம்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

"யாரு ஒங்களத் திங்கச் சொன்னது? யாரு சொன்னது?" என்று நான் அழுதுகொண்டே திட்டினேன். அவர் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார். வெளியே காது கொடுத்துக் கேட்டார். இஸ்தோப்பில் பெண்கள் இன்னும் அக்காவைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியாடி லுணுகலக்காரி," என்றார், "எனக்கு எம்புட்டுச் சத்தி இருக்குன்னு."